நுரை தள்ளினால் விஷம்தானா?

காலையில் சாப்பிட்டது. மதியம் ஜன்னல் திண்டில் நீட்டிப் படுத்துத் தூங்கியது. சாயங்காலம் ஒருமுறை வித்தியாசமாகக் கத்தியது, எழுந்து இரண்டடி வைத்தது, விழுந்தது. தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பூனை வளர்க்கிறவர்கள் இப்படிச் சொல்லி அழுவது கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. நோயில் கிடந்து இறந்திருந்தால் மனசு கொஞ்சமாவது தயாராகியிருக்கும். இதில் அதற்கு வழியில்லை. போதாக்குறைக்கு, ஏன் என்ற கேள்விக்குப் பதிலும் இல்லை. பதில் இல்லாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் வந்து ஆளுக்கொரு பதிலை வைத்துவிட்டுப் போவார்கள். விஷம், கண்ணேறு, தடுப்பூசி, கண்டம்; எதுவும் பொருந்தவில்லை என்றால் வளர்த்தவரின் கவனக்குறைவு. நமக்கு யாராவது ஒரு குற்றவாளி வேண்டும். பெரும்பாலான திடீர்ச் சாவுகளில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

“வாயில் நுரை வந்திருக்கு, யாரோ விஷம் வெச்சுட்டாங்க”

முதலில் கிளம்புவது இதுதான். அதிகச் சேதம் செய்வதும் இதுதான். இருபது வருடம் குழம்பும் ரசமும் பரிமாறிக்கொண்ட இரண்டு குடும்பங்கள் ஒரு பூனையின் வாயில் இருந்த நுரையை வைத்துப் பேச்சை நிறுத்திக்கொள்ளும்.

இதயம் திடீரென்று திணறும்போது நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். இழுத்து விடும் மூச்சு அந்த நீரோடு கலந்து வாயிலும் மூக்கிலும் நுரையாக வரும். சில சமயம் அது இளஞ்சிவப்பாகக்கூட இருக்கும். எந்தக் காரணத்தால் வலிப்பு வந்தாலும் நுரை வரும். உடம்பு கட்டையாக விறைத்திருந்தது, பல் கிட்டிப்போயிருந்தது என்பதெல்லாம் விஷத்துக்கு அடையாளமில்லை. இறந்த சில மணி நேரத்தில் எந்த உடலும் அப்படித்தான் ஆகும். மூக்கோரம் ரத்தம் கலந்த நீர் கசிவதும் சாவுக்குப் பிறகு நடக்கக்கூடியதே.

விஷத்துக்கென்று ஒரு கால அளவும் உண்டு. எலிக்கு வைக்கும் ப்ரோமாடியோலோன் கட்டி ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. அதைத் தின்ற பிராணி அந்த இடத்திலேயே விழாது. நாட்கணக்கில் சோர்ந்து, ஈறு வெளுத்து, உள்ளுக்குள் ரத்தம் கசிந்துதான் சாகும். ஜிங்க் பாஸ்பைடு சில மணி நேரத்தில் கொன்றுவிடும், ஆனால் வாந்தியும் வயிற்று வலியும் துடிப்பும் இல்லாமல் விடாது. தூங்கி எழுந்து இரண்டடி வைத்து விழுந்த பூனையின் கதையோடு இவை எதுவும் ஒத்துப்போவதில்லை.

விஷம்தான் என்றே வைத்துக்கொண்டாலும் அது பக்கத்து வீட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. காய்ச்சல் அடிக்கிறதே என்று பாசத்தோடு கொடுத்த ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லும். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் சரியாக வேலை செய்வதில்லை. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு காப்பி நிறமாகும், முகம் வீங்கும். நாயின் உண்ணிக்குக் கழுத்தில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டால் உடம்பு உதறி வலிப்பு வரும். பூங்கொத்தில் வரும் லில்லி இன்னொன்று. அதன் மகரந்தம் ரோமத்தில் பட்டு, பூனை அதை நக்கினாலே போதும், இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். இவை மூன்றும் நம் வீட்டுக்குள் இருப்பவை.

யாரோ வேண்டுமென்றே விஷம் வைத்தார்கள் என்று உறுதியாக நம்பினால், அது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் நுரை அதற்கு ஆதாரமாகாது, பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டும்.

“ஒரு நோயும் இல்லாத பூனை, நல்லாத்தானே இருந்துச்சு”

நன்றாக இருந்ததாகத் தெரிந்தது என்று சொல்வதே சரி. பூனைகளுக்கு அதிகமாக வரும் இதய நோய், ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்னும் இதயத் தசைத் தடிப்பு. இடது கீழறையின் சுவர் உள்நோக்கித் தடித்துக்கொண்டே போகும். அறை சுருங்குவதால் ரத்தம் நிரம்ப இடம் போதாமல் மேலறை வீங்கும். பிறகு மூன்றில் ஒன்று நடக்கலாம். நுரையீரலில் நீர் சேரலாம். துடிப்பின் தாளம் தப்பி இதயம் அப்படியே நின்றுவிடலாம். அல்லது மேலறையில் தேங்கிய ரத்தம் கட்டியாகி, புறப்பட்டுப் போய்ப் பின்னங்கால்களுக்கு ரத்தம் பிரியும் இடத்தில் அடைத்துக்கொள்ளலாம். அப்போதுதான் பூனை வீடே அதிர அலறும். பின்னங்கால்கள் இழுபடும், பாதம் ஜில்லென்று ஆகிவிடும். பார்த்தவர்கள் ‘வாதம்’ என்பார்கள், ‘பாம்பு’ என்பார்கள்.

வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்த பூனைகளை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில் சுமார் 15 சதவீதத்துக்கு இந்தத் தடிப்பு இருந்தது. ஏழில் ஒன்று. அவற்றில் பல, முழு ஆயுளும் வாழ்ந்து வேறு காரணத்தால் சாகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெயின் கூன் இனத்தில் இதற்கான மரபணுப் பிழையை 2005இலும், ராக்டால் இனத்தில் இன்னொன்றை 2007இலும் கண்டுபிடித்தார்கள். ஆகவே இது ஜாதிப் பூனைகளின் நோய் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படியில்லை. பெர்ஷியனுக்கும் வரும், தெருவில் எடுத்து வளர்த்த நாட்டுப் பூனைக்கும் வரும்.

“கவனிச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்”

இதை ஊர் சொல்லாவிட்டாலும் வளர்த்தவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். முந்தாநாள் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டதே, நேற்று மடியில் வந்து உட்காரவில்லையே என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவார். சாவு நடந்த பிறகு அடுக்கினால் எதுவும் அறிகுறியாகத்தான் தெரியும்.

மனிதர்களுக்கும் நாய்களுக்கும் இதயம் பலவீனமானால் இருமல் வரலாம். பூனை அநேகமாக இருமுவதில்லை. மாடிப்படி ஏறி மூச்சு வாங்குவதும் இல்லை, முடியாவிட்டால் ஏறாமல் படுத்துக்கொள்ளும். பூனை படுத்திருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்? மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பிலும் சத்தம் கேட்காமல் போகலாம். எக்ஸ்ரே சாதாரணமாக இருக்கலாம். எக்கோ எடுத்தால்தான் சுவரின் தடிமன் தெரியும். நம் ஊரில் எத்தனை பூனைக்கு எக்கோ எடுக்கிறோம்? படித்த மருத்துவரின் கருவிக்கே சிக்காததை நீங்கள் கவனித்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். அதை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டாலும் அநியாயம்தான்.

வீட்டில் மிச்சமிருக்கும் பூனைக்காக ஒன்று செய்யலாம். அது அயர்ந்து தூங்கும்போது விலாப்புறம் எழுந்து தாழ்வதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதைத் தாண்டினால் மருத்துவரிடம் போங்கள். நாயைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். இது உண்மையிலேயே நேரத்துக்குக் கவனித்தால் காப்பாற்றக்கூடிய சாவு.

“பூனைக்கு ஒன்பது உயிர், விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது”

கனடாவில் திடீரென்று இறந்த பூனைகளைப் பரிசோதித்து 2001இல் வெளியான ஆய்வில் முதல் காரணம் அடிபடுதல். இதய நோய் அதற்கு அடுத்துத்தான். பைக்கில் அடிபட்ட பூனை, மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் வீட்டுக்கு நடந்து வந்து, கட்டிலுக்கடியில் போய்ப் படுத்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து இறந்துபோகும். மாடியிலிருந்து விழுந்த பூனைகளில் 90 சதவீதம் பிழைத்தன என்று 1987இல் நியூயார்க்கில் வந்த ஆய்வை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளுடையது. விழுந்த இடத்திலேயே செத்தவற்றை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள்?

பாம்பு விஷயத்திலும் இப்படி ஒரு அவசரத் தீர்ப்பு உண்டு: பல் தடம் இல்லை, எனவே பாம்பு இல்லை. கட்டுவிரியன் கடித்தால் மனிதத் தோலிலேயே தடம் தெரிவது அரிது. ரோமத்துக்குள் எங்கே தேடுவது?

“போன வாரம் போட்ட ஊசிதான்”

தடுப்பூசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் நிமிடங்களில், அதிகம் போனால் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். அமெரிக்காவில் சுமார் ஐந்து லட்சம் பூனைகளை ஊசிக்குப் பிறகு 30 நாள் வரை தொடர்ந்த ஆய்வு 2007இல் வந்தது. பத்தாயிரத்துக்கு ஐம்பத்திரண்டு பூனைகளுக்கு ஏதோ ஒரு பாதிப்பு. அதிலும் முதலிடம் சோர்வுக்கு. ஊசி போடாததால் சாகும் குட்டிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் இது ஒன்றுமில்லை.

அந்தக் குட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் பான்லுகோபீனியா என்ற பார்வோ வைரஸ். ராத்திரி விளையாடிய குட்டி காலையில் விறைத்துக் கிடக்கும் அளவுக்கு வேகமானது. இங்கேதான் அடுத்த நம்பிக்கை வந்து மாட்டுகிறது: உடனே இன்னொரு குட்டி வாங்கிக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் மறந்துவிடும் என்பது. அந்த வைரஸ் தரையிலும் பாயிலும் தட்டிலும் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கும். ஃபினாயில் அதைக் கொல்லாது. மேலும் ஃபினாயிலே பூனைக்கு நஞ்சு, ஈரத் தரையில் நடந்த பாதத்தை நக்கும் பிராணி அது. அழுக்கைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்தை 32 பங்கு தண்ணீரில் கலந்து துடைத்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். காரணம் தெரியாமல் குட்டி இறந்த வீட்டுக்குத் தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டுவருவது அதையும் சாகக் கொடுப்பதுதான்.

“வீட்டுக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு”

இதைச் சொல்லும் பாட்டிகளோடு எனக்குச் சண்டையில்லை. சிலருக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால் கண்டம் யாருக்கு என்று ஜோசியரிடம் கேட்கப் போய், பரிகாரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு வருகிறார்களே, அந்தப் பணத்தில் மீதிப் பூனைக்கு எக்கோ எடுத்திருக்கலாம்.

“செத்த பிறகு காரணம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?”

கூடப் பிறந்த பூனைகள் வீட்டில் இருந்தால் ஆகும். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்குள்ள நோய்க்குறியியல் துறையை முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுக் கொண்டுபோகலாம். உடலை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் திசுக்கள் கிழிந்து ஒன்றும் தெரியாமல் போகும். பிளாஸ்டிக் பையில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்து, ஒரு நாளுக்குள் சேர்த்துவிட வேண்டும். அப்படியும் காரணம் அகப்படாமல் போகலாம். தாளம் தப்பி நின்ற இதயம் எந்தத் தடயத்தையும் விட்டுவைக்காது. ‘தெரியவில்லை’ என்ற அறிக்கையும் நேர்மையான அறிக்கைதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் தெரியவில்லை என்று விடக் கூடாது. சாவுக்கு முந்தைய பத்து நாளுக்குள் அந்தப் பூனை யாரையாவது கடித்திருந்தாலோ பிறாண்டியிருந்தாலோ அவர்கள் உடனே வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பூனைக்கும் ரேபிஸ் வரும்.

“ஒரு பூனைக்குப் போய் இப்படியா?”

எகிப்தில் வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் எல்லோரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு மேலாகிறது. பூனைக்காக அழுவது இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த வழக்கமில்லை. ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்ற கருத்தை 1989இல் முன்வைத்தார் அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா. லீவு கேட்க முடியாத, வெளியில் சொன்னால் சிரிக்கப்படுகிற துக்கம் அது. பூனைக்கான அழுகைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை.

பிள்ளைகளிடம் ‘ஊருக்குப் போயிருக்கு’ என்று சொல்லாதீர்கள், கேட்டருகே காத்திருக்கும். ‘தூங்கிடுச்சு’ என்றும் வேண்டாம், ராத்திரி படுக்கப் பயப்படும். செத்துவிட்டது என்று சொன்னால் புரிந்துகொள்ளும். கூட இருந்த பூனை தேடித் தேடிக் கத்தலாம், சாப்பாட்டைக் குறைக்கலாம். அது துக்கமா, நம் துக்கத்தை அதன்மேல் ஏற்றிப் பார்க்கிறோமா என்று ஆய்வாளர்களே இன்னும் விவாதிக்கிறார்கள். எதுவானாலும், இரண்டு நாளுக்கு மேல் பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். நெத்திலியைச் சூடாக்கி வாசம் வரவைத்துக் கொடுத்துப் பாருங்கள், தொடவில்லை என்றால் மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

துக்கம் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எப்படிச் செத்தது, என்ன கொடுத்தீர்கள், எங்கே போயிருந்தீர்கள் என்று குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். அவர்களுக்கும் தெரியாது. குழி மூன்றடியாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாய் தோண்டிவிடும். வெட்ட ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.