பெருமாள் கோயில் வீதியா, புஸ்ஸி வீதியா?

அன்புள்ள பேரனுக்கு,

மயிலாடும்பாறையிலிருந்து தாத்தா எழுதுவது. கல்யாணம் முடிந்து நீயும் அந்தப் பிள்ளையும் முதன்முதலாக வெளியூர் போகிறீர்கள், அதுவும் பாண்டிச்சேரிக்கு. புஸ்ஸி வீதியில் இருக்கிற பலே த மாஹேயில் தங்குவதா, பெருமாள் கோயில் வீதியில் இருக்கிற மெசோன் பெருமாளில் தங்குவதா என்று கேட்டிருக்கிறாய். முடிவு உங்கள் இருவருடையது. கேட்டுவிட்டதால் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

மஞ்சள் சுவரும் நீச்சல்குளமும் பக்கத்திலேயே கடலுமாகப் புஸ்ஸி வீதி கண்ணை இழுக்கத்தான் செய்யும். ஆனால் பாண்டிச்சேரி என்றால் அந்த மஞ்சள் சுவர் மட்டுமே என்று படம்பிடித்துப் பழக்கிவிட்டார்கள். பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலோரம் வெள்ளைக்காரர்கள் குடியிருந்தார்கள், மேற்கே நம் சனம். 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து வெள்ளையர் பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். இப்போது நாம் பார்க்கிற கிழக்குப் பகுதி பிரெஞ்சுக்காரர்கள் அதன்பிறகு திரும்பவும் எழுப்பியது. அதற்கு முந்திய வீட்டைப் பார்க்க வாய்க்காலைத் தாண்டி ரங்கப்பிள்ளை வீதிக்குப் போக வேண்டும். 1736-இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அங்கே இருக்கிறது. கீழ்த்தளத்தில் நம்மூர் மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணியில் வெள்ளைத் தூண்கள். இரண்டு கைவேலையும் ஒரே வீட்டில் கூடியதுதான் அந்த ஊரின் தனிச்சிறப்பு, அது மேற்கே நன்றாகத் தெரியும். பாரதியார் 1908 முதல் 1918 வரை இருந்ததும் அந்தப் பக்கம்தான். பாரதிதாசன் வீடோ பெருமாள் கோயில் வீதியிலேயே இருக்கிறது.

மேற்குப் பக்கத்து வீடுகளில் தெருவை ஒட்டித் திண்ணை, அதன்மேல் மரக்கால்களில் நிற்கும் ஓட்டுத் தாழ்வாரம். வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கட்டும் என்று இடம் விட்டுக் கட்டியவர்கள் நம் ஆட்கள். இங்கே கடமலைக்குண்டு வரைக்கும் திண்ணையை இடித்துவிட்டு இரும்புக் கேட் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டுத் திண்ணை போனபோது நான் சொன்னது உன் பெரியப்பாவுக்கு நினைவிருக்கும். அதை இப்போது கிளறவில்லை. ஆனால் மெசோன் பெருமாளில் தங்கி முற்றத்தைப் பார்க்கவா இவ்வளவு செலவு என்று நீ கேட்டால், நம்மூரில் இன்று எத்தனை வீட்டில் முற்றம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கேள்.

இரண்டையும் நடத்துவது சி.ஜி.எச். எர்த் என்கிற ஒரே நிறுவனம், பணம் ஒரே பெட்டிக்குத்தானே போகிறது என்றும் சொல்லலாம். ஆனால் எந்த மாதிரி வீட்டுக்கு ஆள் வருகிறது என்று பார்த்துத்தான் அடுத்தவன் தன் பழைய வீட்டை இடிப்பதா, பழுதுபார்ப்பதா என்று முடிவெடுப்பான். மேற்கே வைசியாள் வீதியில் வீடுகளின் தெருமுகத்தை வரிசையாகச் சீர்செய்தார்கள். அதற்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஆனால் விருதை வைத்துக்கொண்டு ஓடு மாற்ற முடியாது, அதற்கு வருமானம் வேண்டும். கடல் தூரம் என்பதும் பெரிய குறையில்லை. சின்ன ஊர், நடந்தே போகலாம். பெருமாள் கோயில் வீதியில் தெருச் சத்தம் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் குடும்பங்கள் புழங்குகிற தெரு அது. உன் பெரிய மாமா பாண்டிச்சேரி போய்வந்த சமாச்சாரம் உனக்குத் தெரியும், நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. சாயங்காலம் ஆனதும் அந்தப் பிள்ளையை அறையில் தனியாக விட்டுவிட்டு எங்கும் போகாதே.

நீ கெட்டுப்போவாய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை, ராசா. உன்னைப் போல் ஒரு பேரன் யாருக்கு வாய்ப்பான்! அவளுக்கு நீச்சல்குளம்தான் பிடிக்கும் என்றால் அங்கேயே தங்குங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பணம் குறைந்தால் கூசாமல் சொல், அனுப்பி வைக்கிறேன். ஆனால் முன்பதிவு செய்யுமுன் பெருமாள் கோயில் வீதிக்கு ஒரு போன் போட்டு அறை இருக்கிறதா என்று கேட்டுவிடு.

அன்புடன்,
தாத்தா