நீதவானோடு ஒருக்கா கதைக்கச் சொன்னால்…

புதிய சபை உறுப்பினர்களுக்குச் சில சட்ட ஆலோசனைகள்

2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் பருத்தித்துறை நகரசபைக்கும் அயலிலுள்ள பிரதேச சபைகளுக்கும் தெரிவானவர்களில் அரசியலுக்குப் புதியவர்களும் இருக்கிறார்கள். வீதி விளக்கு, வடிகால், குப்பை என்று வரும் முறைப்பாடுகளோடு இன்னொரு கோரிக்கையும் அவர்களின் படலையைத் தட்டும்: “நாளைக்கு எங்கட பெடியன்ர வழக்கு. நீங்கள் ஒருக்கா நீதவானோட கதைச்சு விடுங்கோ.” கேட்பவர் உங்களுக்கு வாக்களித்தவர். சொந்தக்காரராகவும் இருக்கலாம். நீதித்துறையின் சுதந்திரத்தை மதிப்பதாக மேடையில் சொல்வது எளிது. அந்த மதிப்பு உண்மையானதா என்பது உங்கள் வீட்டு விறாந்தையில்தான் தெரியவரும்.

நீங்கள் வகிக்கும் பதவியின் கதையையே பாருங்கள். 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் தடைப்பட்டது. தேர்தலுக்கு ஒதுக்கிய நிதியைத் தடுத்து வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் மார்ச் 3இல் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அதை மதித்து நடப்பதற்குப் பதிலாக, ஆளுந்தரப்பினர் நாடாளுமன்றத்தில் சிறப்புரிமைப் பிரச்சினை கிளப்பினார்கள். தேர்தல் நடக்கவில்லை. 2024 ஓகஸ்ட் 22இல், மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டளையொன்றை அரசியல் மதிக்காதபோது இழப்பு யாருக்கு என்பதைப் பருத்தித்துறை வாக்காளர் ஈராண்டுக்கு மேல் அனுபவித்து அறிந்தார்.

1. மறுங்கள், ஆனால் வழிகாட்டி அனுப்புங்கள்

அரசியலமைப்பின் 111இ உறுப்புரை தெளிவானது. சட்ட அதிகாரமின்றி நீதிபதியின் கடமையில் தலையிடுவதும் தலையிட முயல்வதும் குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஏழு ஆண்டுகள் வரை வாக்குரிமையும் பறிபோகலாம். ஒரு தொலைபேசி அழைப்பும் முயற்சிதான். இதை வந்தவரிடம் நேராகச் சொல்லுங்கள்.

அத்தோடு நிறுத்தாதீர்கள். சட்டத்தரணிக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். வேலித் தகராறு, சிறு கடன் போன்றவை என்றால் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்லுங்கள். தீர்ப்பு வந்துவிட்டது, அது பிழை என்று நினைக்கிறார் என்றால் உடனே சட்டத்தரணியைக் காணச் சொல்லுங்கள். மேன்முறையீட்டுக்குப் பொதுவாக 14 நாட்களே உண்டு. உங்கள் சிபாரிசை நம்பிக் காத்திருந்து அந்த நாட்களைத் தவறவிடுபவருக்கு நீங்கள் செய்தது உதவியல்ல.

2. வழக்குத் தொடுப்பவரையும் விட்டுவிடுங்கள்

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உணவகத்துக்கு எதிராக வழக்குப் போடுவார். அனுமதியற்ற கட்டடத்துக்கு எதிராகச் சபையே நீதிமன்றம் போகும். கடைக்காரர் உங்களிடம் ஓடி வருவார். நீதவானிடம் நாங்கள் பேசவில்லையே என்று சொல்லிக்கொண்டு உத்தியோகத்தரை அழைத்து “இதை விட்டுவிடும்” என்பதும் தலையீடுதான். வழக்கு நீதிமன்றப் படியேறும் முன்பே அதை முடக்கும் வேலை அது. கடைக்காரருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: குறையைத் திருத்துங்கள், திருத்தியதற்கான சான்றோடு மன்றில் தோன்றுங்கள்.

3. தண்டனை போதாதென்றால் சட்டத்தைப் பாருங்கள்

எங்கள் கடலில் இழுவைமடிப் படகுகளோடு பிடிபடும் இந்திய மீனவர்கள் ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு திரும்பும்போது, வலை அறுந்து நிற்கும் வடமராட்சித் தொழிலாளிக்குக் கோபம் வரும். நியாயமான கோபம். அதை நீதவான் மீது திருப்பிவிடும் பேச்சுக்குக் கைதட்டல் கிடைக்கும், கடலில் ஒன்றும் மாறாது. இழுவைமடித் தொழிலைத் தடை செய்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் எப்படி வந்தது? எம்.ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்தால் வந்தது. சட்டத்தை இறுக்குவது அரசியல்வாதியின் பொறுப்பு. கொடுத்த சட்டத்துக்குள் தண்டனையை அளப்பது நீதவானின் பொறுப்பு. தண்டனை குறைவென்றால் மேன்முறையீடு செய்யச் சட்டமா அதிபருக்கு வழி உண்டு.

4. ஒலிவாங்கியின் முன் அளந்து பேசுங்கள்

முடிந்த வழக்கின் தீர்ப்பைக் காரணம் காட்டி விமர்சிக்கலாம். நடக்கும் வழக்கின் முடிவை முன்கூட்டிச் சொல்வதும், நீதிபதியின் இனத்தையோ ஊரையோ இழுத்து உள்நோக்கம் கற்பிப்பதும் ஆகாது. குருந்தூர்மலை வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜாவை 2023இல் சரத் வீரசேகர நாடாளுமன்றத்தில் தாக்கிப் பேசினார். வடக்குச் சட்டத்தரணிகள் பணிப்புறக்கணிப்பில் இறங்கினார்கள். செப்டெம்பரில் அந்த நீதிபதி, உயிரச்சுறுத்தலையும் மன அழுத்தத்தையும் காரணம் காட்டிப் பதவி விலகி நாட்டை விட்டுப் போனார். அன்று நாம் வீதியில் இறங்கிக் கேட்ட நியாயத்தை, நமக்குப் பிடிக்காத தீர்ப்பைத் தரும் நீதிபதிக்கும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நீதிபதியின் நடத்தையிலேயே குறை உண்டென்றால், சான்றுகளோடு நீதிச் சேவை ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். பிரதம நீதியரசர் தலைமையிலான அந்த ஆணைக்குழுவே நீதவான்களின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று ஆகியவற்றுக்குப் பொறுப்பு. வல்லிபுர ஆழ்வார் கோயில் திருவிழாவிலோ பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலோ நீதிபதியைக் கண்டால் வணக்கம் சொல்லுங்கள். வழக்கைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.

5. தோற்ற தீர்ப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள்

பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான நாடாளுமன்றத் தெரிவுக்குழுவின் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013 ஜனவரி 7இல் இரத்துச் செய்தது. அன்றைய அரசு அதைத் தள்ளிவிட்டு, ஒரு வாரத்துக்குள் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 2018இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது இரா. சம்பந்தன் உள்ளிட்டோர் வழக்காடினார்கள். டிசெம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். சிறிசேன அத்தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார், நெருக்கடி சில நாட்களில் தணிந்தது. முழு மனதோடு ஏற்றாரா என்பது முக்கியமல்ல. கட்டுப்பட்டார் என்பதே முக்கியம்.

உங்கள் சபையின் தீர்மானமொன்றையும் ஒருநாள் நீதிமன்றம் நிறுத்தலாம். அன்று கட்டளையைச் சபையில் வாசியுங்கள், அதன்படி நடவுங்கள், உடன்பாடில்லையென்றால் மேன்முறையீடு செய்யுங்கள்.

அடுத்த மாதாந்த அமர்வுக்கு ஒரு பிரேரணை கொண்டுபோங்கள்: எந்த உறுப்பினரும் எந்த வழக்குக்காகவும் நீதிபதியையோ வழக்குத் தொடுக்கும் உத்தியோகத்தரையோ அணுகுவதில்லை. கட்சி பேதமின்றி நிறைவேற்றி, அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள். அதன் பிறகு சிபாரிசு கேட்டு வருபவருக்கு மறுப்புச் சொல்வது உங்களுக்கும் இலகுவாகும், கேட்காமல் விடுவது அவருக்கும் பழகும்.