பிறந்த தேதியே சாட்சி

கேள்வி: பரமத்தி இலங்கை அகதிகள் முகாமில் வாழும் என் தோழி 1985-இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். ஆதார் இருக்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமா?
– நாமக்கல் வாசகி

பதில்: வேண்டியதில்லை, அவர் பிறப்பாலேயே இந்தியர். ஆதார் குடியுரிமைச் சான்று ஆகாது. அவருக்குக் கைகொடுப்பவை பிறப்புச் சான்றிதழின் இரண்டு வரிகள்: பிறந்த தேதி, பிறந்த இடம். 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர்களை 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் குடிமக்களாக ஏற்கிறது. ‘பெற்றோர் அகதிகளாயிற்றே’ என்று யாராவது மறுக்கலாம். அந்தக் காலத்துப் பிறப்புக்குப் பெற்றோரின் குடியுரிமையைச் சட்டம் கேட்பதில்லை. மண்டபத்தில் 1986-இல் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது இதனால்தான். 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். ஆனால் 1.7.1987 முதல் பிறந்த தம்பி தங்கைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தாக வேண்டும். நெடுங்காலம் வசித்ததைக் காட்டி விண்ணப்பிக்கும் வழியோ, ஆவணமின்றி வந்தவர்களுக்கு அடைபட்டிருக்கிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒரு தேதி பிரிப்பதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.