களவெடுக்கும் நாயும் உறுமும் நாயும்: ஒரு குடும்ப வைத்தியரின் குறிப்பு

நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்று வழமையாக எழுதிவந்த நாம், இம்முறை நாயைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் மலர்க்குழுவினர் சிரித்தார்கள். "டொக்டர், நாய்க்கும் கொலஸ்ரரோல் வருமோ?" என்று ஒருவர் கேட்டார். ஆனால் 2020இல் கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது எம்மவர் பலர் பிள்ளைகளின் கரைச்சல் தாங்காமல் நாய் வாங்கினார்கள். அதன் பின்னர் எமது மருத்துவ நிலையத்துக்கு நாய்க்கடியுடன் வரும் தமிழ்ப் பிள்ளைகளைக் காண்கிறோம். "எங்கட நாய்தான் டொக்டர், கீழே விழுந்த ரோல்ஸை எடுக்கப் போனவள்" என்று தாய்மார் வெட்கத்துடன் சொல்வார்கள். எனவே இதுவும் சுகாதாரப் பகுதிக்குரிய விடயமே.

வெட்கப்படத் தேவையில்லை. எமது கையிலும் அந்தத் தழும்பு இருக்கிறது.

கைவிடப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் நிலையம் ஒன்றிலிருந்து ஒரு கலப்பின நாயை எடுத்து வந்தோம். ஊரில் எமது வீட்டில் நின்ற நாயின் பெயரையே, பிறவுணி என்று, இதற்கும் வைத்தோம். தெருவில் எலும்பும் தோலுமாகப் பிடிபட்டது என்பதற்கு மேல் அதன் கதை எவருக்கும் தெரியாது. முதல் வாரத்திலேயே குசினி மேசையில் ஆறவைத்திருந்த கோழிப்பொரியல் காணாமற் போனது. பிறகு பாண், பிறகு குப்பைவாளியிலிருந்த மீன்தலை. களவெடுத்ததைச் செற்றிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கிட்டப் போனால் உறுமியது.

"நாய்க்கு யார் எசமான் என்று காட்ட வேண்டும், சாப்பிடும்போது கோப்பையைப் பறித்துப் பழக்க வேண்டும்" என்று ஊரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கும் பலர் அதையே சொன்னார்கள். அப்படியே செய்தோம். மூன்றாம் நாள் வலது கையின் பெருவிரலடியில் கடி விழுந்தது. கையில் நாய் கடித்த காயங்களைப் பெரும்பாலும் உடனே தைப்பதில்லை. கிருமியை உள்ளே வைத்து மூடிவிடக் கூடாது என்பதற்காகத் திறந்தே விடுவார்கள். இதை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நாம், அன்று கதிரையின் மறுபக்கத்திலிருந்து கேட்டோம்.

வீட்டில் விவாதம் நடந்தது. பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீடு, நாயைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்பது மனைவியின் பக்கம். அவர் சொன்னதில் பிழையில்லை. எண்பது தாண்டிய எமது அம்மா மட்டும், "பசி கிடந்ததுக்கு அடிக்காதேயுங்கோ" என்றார். 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்ட இலட்சக்கணக்கானோரில் அவரும் ஒருவர். இன்றும் அவரது தலையணைக்கு அடியில் ஒரு பிஸ்கற் பக்கற் இருக்கும். சுப்பர்மார்க்கெற் ஐந்து நிமிட நடையில் இருக்கிறது, ஆனாலும் பக்கற் இருக்கும். நாம் அதைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுகிறோம்.

பசி மூளையை மாற்றும் என்பது மருத்துவத்தில் நன்கு பதிவான ஒன்று. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944-45இல் அன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை, அவர்களின் சம்மதத்துடன், 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். நல்ல குணமுள்ள அந்த வாலிபர்கள் கோப்பையை நக்கினார்கள், சாப்பாட்டைப் பற்றியே கனவு கண்டார்கள், சமையற் புத்தகங்களைச் சேகரித்தார்கள். உணவு திரும்பக் கிடைத்த பின்னரும் சிலர் நிறுத்த முடியாமல் உண்டார்கள். மனிதருக்கே இப்படியென்றால் நாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 1860இல் மேரி ரீல்பி என்ற பெண்மணி லண்டன் ஹொலோவேயில் தொடங்கி, 1871இல் பற்றர்சிக்கு இடம் மாறிய புகழ்பெற்ற நாய் இல்லத்தின் முதற் பெயரே "தொலைந்த, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்" என்பதாகும்.

ஆயினும் பட்டினியை மட்டும் காரணமாகக் கொள்ளக் கூடாது. ஒரு நாளும் பசி அறியாத குட்டியும் தன் எலும்பைக் காக்கும். அது நாயின் இயல்பு. சில நாய்களுக்குப் பிறப்பிலேயே பசி அதிகம். 2016இல் கேம்பிரிஜ் ஆய்வாளர்கள் லப்ரடோர் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, போதும் என்ற உணர்வோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் ஒரு பகுதி இல்லை என்று கண்டறிந்தனர். அந்த நாய் உங்களை ஏமாற்றவில்லை. உண்மையிலேயே அதற்குப் பசிக்கிறது.

"எசமான்" கதைக்கு வருவோம். அடைத்து வைக்கப்பட்ட, ஒன்றுக்கொன்று அறிமுகமற்ற ஓநாய்களை 1940களில் பார்த்து எழுதப்பட்டதிலிருந்து வந்த எண்ணம் அது. அதைத் தனது 1970ஆம் ஆண்டு நூலில் பரப்பிய டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான் என்று 1999இல் எழுதித் திருத்திக்கொண்டார். ஆனால் பிழையான கருத்துக்கு ஆயுள் அதிகம். எமது பெருவிரல் அதற்குச் சாட்சி.

முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். நீரிழிவு, குடற்புழு, கணையச் சுரப்புக் குறைவு, கோட்டிசோல் சுரப்பு மிகையாதல் ஆகியவற்றாலும், ஸ்ரெறொயிட் குளிசைகளாலும், வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளாலும் நாய்க்கு அடங்காப் பசி வரும். பல்வலி, காதுப்புண், மூட்டுவாதம் உள்ள நாய் கிட்டப் போனாலே உறுமும். அமைதியாக இருந்த நாய் திடீரென மாறினால் நோயையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

களவுக்கு வருவோம். இதில் திருத்த வேண்டியது பெரும்பாலும் எங்களைத்தான். பத்துத் தடவை மேசையில் கால் வைத்து ஒரு தடவை கோழிக்கால் கிடைத்தால், நாய் பதினோராவது தடவையும் வைக்கும். லொத்தரில் எப்போதோ பத்துப் பவுண் விழுந்தவர் வாராவாரம் வாங்குவது போலத்தான். ஆகவே ஒரு தடவையும் கிடைக்கக் கூடாது. குப்பைவாளிக்குப் பூட்டும் மூடி, குசினி வாசலுக்குக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு, மேசையில் எதையும் விட்டுப்போகாத பழக்கம், இவை மூன்றும் பாதி வேலையை முடித்துவிடும். களவெடுத்து அரை மணி கழித்து ஏசுவதில் பயனில்லை. நாய் "குற்ற முகம்" காட்டுகிறது என்பார்கள்; அது உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்த முகம்.

மேசைக்குக் கீழே உணவு போடுவதும் நிற்க வேண்டும். எமது வீட்டில் இதுவே பெரும்பாடு. "வாயில்லாச் சீவன்" என்று அம்மா ஒரு கவளம் போடாமல் சாப்பிட மாட்டார். தடுத்தால் மனம் நோகும். இறுதியில் ஓர் ஒழுங்கு செய்தோம். சாப்பாட்டறை மூலையில் பிறவுணிக்கு ஒரு பாய். நாம் சாப்பிடும்போது அது பாயில் இருந்தால், அம்மா அவித்த கோழித்துண்டை அந்தப் பாயில் போடுவார். பாயை விட்டு எழுந்தால் ஒன்றும் இல்லை. முதலில் அரை நிமிடத்துக்கு ஒரு துண்டு, பிறகு ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம். உப்பு, தூள், வெங்காயம் சேராத கோழி. அந்த அளவை அதன் இரவுச் சாப்பாட்டில் குறைத்தோம். இல்லாவிட்டால் நாய்க்கும் எம்மவர் வயிறு வந்துவிடும்.

உறுமும் பழக்கம் கடினமானது, அவசரப்படக் கூடாது. கடிப்பதற்கு முன் நாய் பலமுறை சொல்லும். சாப்பிடுவதை நிறுத்தி உறைந்து நிற்கும், அல்லது அவசரமாக விழுங்கும், கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும், உதட்டை உயர்த்தும், பிறகே உறுமும். உறுமியதற்கு அடிக்காதீர்கள். வலிக்கிறது என்று சொல்லும் நோயாளியின் வாயைப் பொத்தினால் நோய் போய்விடுமா? அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

நாம் செய்தது இதுதான். பிறவுணி சாப்பிடும்போது அது உடம்பை இறுக்காத தூரத்தில், எமக்கு அது ஏழெட்டு அடி, நின்று கோப்பைக்கருகே ஒரு கோழித்துண்டை எறிந்துவிட்டு அப்பால் போய்விடுவது. வேறொன்றும் இல்லை. ஒரு வாரத்தில் நாம் வரும்போது வால் ஆடத் தொடங்கியது. பிறகு ஓரடி கிட்ட. உடம்பு இறுகினால் மீண்டும் ஓரடி பின்னுக்கு. மனிதர் வந்தால் சாப்பாடு போகும் என்று அது கற்றிருந்தது. வந்தால் கூடும் என்று திரும்பக் கற்க வேண்டும். கோப்பைக்குள் கை வைக்கும் தேவை எவருக்கும் இல்லை, வைக்கவும் வேண்டாம்.

வாயில் எடுத்த பொருளைத் துரத்திப் பறிக்காமல் மாற்றிக் கொள்ளுங்கள். பெறுமதியில்லாத ஒரு விளையாட்டுப் பொருளுடன் தொடங்கி, "விடு" என்று சொல்லிக் கோழித்துண்டை மூக்கருகே நீட்ட, அது வாயைத் திறக்கும். துண்டைக் கொடுத்த பின் பொருளையும் திருப்பிக் கொடுங்கள். திருப்பிக் கொடுப்பதுதான் முக்கியம். அப்போதுதான் "விடு" என்றால் இழப்பு அல்ல என்று அதற்கு விளங்கும். எல்லோரும் ஒரே சொல்லைப் பாவிக்க வேண்டும். எமது வீட்டில் அம்மா "போடு" என்றும் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் சொல்ல, பாவம், நாய் குழம்பியது. வாக்கெடுப்பில் தமிழ் வென்றது.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், அல்லது நாய் ஏற்கெனவே கடித்திருந்தால், இப்பயிற்சியைத் தனியே தொடங்க வேண்டாம். நாய் தனி அறையில், கதவு மூடி, நிம்மதியாகச் சாப்பிடட்டும். சாப்பாடு இருக்கும் இடத்தில் நாயையும் சிறு பிள்ளையையும் ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் கையில் கட்லட்டுடன் ஓடித் திரியும்போது நாய் மாடியில் இருக்கட்டும். மிருக வைத்தியரிடம் கேட்டு, தகுதி பெற்ற நடத்தை நிபுணரிடம் செல்லுங்கள். இந்நாட்டில் எவரும் தம்மை நிபுணர் என்று அழைத்துக்கொள்ளலாம் என்பதால், மிருக நடத்தை மற்றும் பயிற்சிச் சபையின் பதிவேட்டில் பெயர் உண்டா என்று பாருங்கள். நாயைத் தந்த நிலையத்தையும் கேளுங்கள். பெரும்பாலானவை ஆலோசனை தரும். எல்லாம் செய்தும் பிள்ளைக்கு ஆபத்து என்றால் நாயைத் திருப்பிக் கொடுப்பது துரோகமல்ல. 2014இலிருந்து, உங்கள் வீட்டுக்குள்ளேயே நாய் ஒருவரைக் கடித்தாலும் சட்டப்படி நீங்கள் பொறுப்பாகலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

எமது சமையலில் நாய்க்கு நஞ்சானவை பல. வெங்காயமும் உள்ளியும், சமைத்தாலும், சிவப்பணுக்களைச் சிதைக்கும். அறிகுறி சில நாள் கழித்தே தெரியும். பாயாசத்திலும் கேக்கிலும் போடும் பிளம்ஸ் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம், எவ்வளவு பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. சமைத்த எலும்பு கூராக உடையும், மாங்கொட்டை குடலை அடைக்கும். நீரிழிவுக்காரர் சீனிக்குப் பதிலாகப் பாவிக்கும் இனிப்புகளில் சைலிற்றோல் இருந்தால் நாயின் இரத்தச் சீனி திடீரென இறங்கும். மனிதருக்கு அப்படி நடப்பதில்லை. அப்பம்மாவின் குளிசைப் பெட்டியும் உயரத்தில் இருக்கட்டும். தின்றுவிட்டால், அறிகுறி வரும்வரை காத்திராமல் உடனே மிருக வைத்தியரை அழையுங்கள். உப்புத்தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். அந்த உப்பே கொல்லும்.

கடித்துவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் பல நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள் வேண்டாம். தோல் கிழிந்து இரத்தம் வந்த கடியை, குறிப்பாகக் கை, முகம், கால், மூட்டு ஆகிய இடங்களில், அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள், அன்ரிபயோற்றிக் தேவைப்படலாம். நீரிழிவுக்காரரும், மண்ணீரல் அகற்றப்பட்டவரும், ஈரல் பாதிப்புள்ளவரும் சிறு கடியையும் அலட்சியம் செய்யலாகாது. நாயின் வாயிலுள்ள ஒரு கிருமி இவர்களுக்குக் கடும் இரத்தக் கிருமித்தொற்றை உண்டாக்கும். ஊரில் பிறந்தவர்களுக்கு ஏற்பு ஊசிக் கணக்குச் சரியாகத் தெரிவதில்லை, கேட்டுப் பாருங்கள். இங்குள்ள நாய்களில் விசர் நோய் இல்லை. ஆனால் விடுமுறைக்கு இலங்கை, இந்தியா போன இடத்தில் நாய் கடித்தால் அது வேறு கதை: சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அங்கேயே ஊசி தொடங்க வேண்டும். லண்டனுக்கு வந்து பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். நோய் வெளிப்பட்ட பின் மருந்தில்லை.

பிறவுணியின் கோப்பைக்கருகே நாம் நிம்மதியாக நடக்க ஏறத்தாழ மூன்று மாதம் எடுத்தது. பேரப்பிள்ளைகள் வரும்போது இன்றும் அது கதவுக்குப் பின்னால்தான் சாப்பிடுகிறது. களவு முற்றாக நின்றுவிட்டது என்று சொன்னால் மனைவி இக்கட்டுரையைக் கிழித்துவிடுவார். கடந்த பொங்கலன்று தொலைபேசி மணி அடிக்க அவர் திரும்பிய இடைவெளியில் ஒரு வடை போனது. வெங்காயம் போட்ட வடை. அம்மா "விடு" என்று சத்தம் போட, செற்றிக்குப் பின்னாலிருந்து வந்து, பாதி வடையை அவரது காலடியில் வைத்தது. மற்றப் பாதிக்காக, புதுவேட்டியுடனேயே மிருக வைத்தியரிடம் ஓடினோம்.