விடைத்தாள் பள்ளியை விட்டுப் போகலாகாது

எழுத்தர் என்று ஒருவரும் இல்லாமல், பத்தாம் வகுப்புக்கு ஒரே ஒரு பிரிவை வைத்துக்கொண்டு, நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் உயர்நிலைப் பள்ளி நடத்துகிறவர்களுக்கு நான் முதலாவதாகச் சொல்ல விரும்புவது, திருத்திய விடைத்தாளை எக்காரணம் கொண்டும் பள்ளியின் வாசற்படிக்கு வெளியே அனுப்ப வேண்டாம் என்பதே. பெற்றோர் கையொப்பத்துக்கு ரேங்க் கார்டு போதும். 2020 ஜனவரியில் கணித உபாத்தியாயர் அரையாண்டுத் தாள்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முற்பட்டபோதே நான் ஆட்சேபித்தேன். “சாரே, இதுக்கெல்லாம் இனி யாரு வந்து கணக்குக் கேக்கப் போறா?” என்று சொல்லி, அவர் கொடுத்தனுப்பிவிட்டார், திரும்ப வாங்கவும் இல்லை.

பிறகு நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவையே. கொரோனா பரவலால் மார்ச் 17 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. 27ஆம் தேதி தொடங்க வேண்டிய எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை ஏப்ரல் 15க்கும், ஜூன் 1க்கும், பின்னர் ஜூன் 15க்கும் தள்ளிப்போயிற்று. ஜூன் 9 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அதை ரத்து செய்து அனைவருக்கும் தேர்ச்சி என்றும், மதிப்பெண்ணில் 80 சதவீதம் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்தும் 20 சதவீதம் வருகைப் பதிவிலிருந்தும் கணக்கிடப்படும் என்றும் அறிவித்தார். பயிற்சிக்காக நடத்தப்பட்ட அரையாண்டுப் பரீட்சை, ஒரே இரவில் அந்தக் குழந்தைகளின் இறுதிப் பரீட்சை ஆகிவிட்டது.

மதிப்பெண் பதிவேட்டுடன் விடைத்தாள்களையும் காட்ட வேண்டும் என்ற நிலை வந்தபோது, மற்ற நான்கு பாடங்களின் கட்டுகளும் என் அறையிலிருந்த டிரங்குப் பெட்டியில் வரிசை குலையாமல் இருந்தன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் ஓட்டுக் கூரையைப் பிரித்துப் பதிவேடுகளை நனைத்துவிட்ட நாள்முதலாக, இடம் அடைகிறது என்று தாளாளர் பலமுறை முகம் சுளித்தும், அந்தப் பெட்டியை நான் விடாமல் காத்து வந்தேன். கணிதக் கட்டு மட்டும் இல்லை. மணக்குடியிலும் பூதப்பாண்டியிலும் இராஜாக்கமங்கலத்திலுமாகச் சிதறிக் கிடந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு, பஸ் கிடைத்த இடத்துக்குப் பஸ்ஸிலும் கிடைக்காத இடத்துக்கு மகனுடைய ஸ்கூட்டரிலுமாக, முகக்கவசத்துடன் நான் அலைந்ததை விவரிக்கப் போவதில்லை. ஒரு பெண்ணின் தாள், திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த அவளுடைய தாயாரிடம் இருந்தது. களியக்காவிளையில் எல்லை அடைபட்டிருந்தமையால், இ-பாஸ் பெற்று அந்த அம்மாள் வந்து சேரும்வரை, எந்தக் குற்றமும் செய்யாத அந்தக் குழந்தை தினந்தோறும் தொலைபேசியில் என்னிடம் அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அதற்குக் காரணமானவரை மன்னிக்கவும் முடியவில்லை.

சில தாள்கள் கடைசிவரை அகப்படவில்லை. பிள்ளைகளை அழைத்துப் புதிதாக எழுதி வாங்கிவிடலாம், அப்படியே மதிப்பெண்ணையும் சற்று உயர்த்திவிடலாம் என்று அதே உபாத்தியாயர் யோசனை சொன்னார். பெரிய பள்ளியில் பதிவெண்ணுக்குப் பின்னாலுள்ள முகம் தெரியாது. எங்களுக்கோ ஒவ்வொரு பிள்ளையின் அடுப்படி நிலவரம்கூடத் தெரியும். ஆகையால் தாட்சண்யம் மேலிடுவது இயல்பே. மேலும், அரையாண்டில் கையை இறுக்கிப் பிடித்துத் திருத்தி, அந்த அச்சத்தினால் பிள்ளைகளைப் பொதுத்தேர்வுக்கு உழைக்கவைப்பது நம் பள்ளிகளில் நெடுங்கால வழக்கம். அந்த இறுக்கம் சான்றிதழில் நிலைத்துவிடப் போகிறதே என்ற வேதனை எனக்கும் இருந்தது. எனினும் நான் இணங்கவில்லை. ஜனவரியிலேயே கையொப்பமான ரேங்க் கார்டையும் பதிவேட்டையும், தாள் இல்லாததற்கு என் விளக்கக் கடிதத்தையும் வைத்தே அனுப்பினேன். ஒரு பிள்ளைக்குக் கூட்டினால், நேர்மையாக உழைத்து அதே மதிப்பெண் பெற்ற பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

ஆகஸ்ட் 10 அன்று மதிப்பெண்கள் வந்தபோது, மற்றப் பள்ளிகளின் எண்களோடு ஒப்பிட்டு என்னிடம் சண்டைக்கு வந்த தகப்பனார்கள் உண்டு. பெட்டியைத் திறந்து தாளைக் காட்டினேன். கேள்வி கேள்வியாகக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சென்றார்கள். நீங்களும் வாய்வார்த்தையால் வாதாட வேண்டாம், தாளைக் காட்டுங்கள். கணிதத் தாள் அகப்படாத பிள்ளைகளின் தகப்பனார்களுக்குத்தான் காட்ட ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அடுத்த அணியினர் 2021 ஜனவரி 19 அன்றுதான் வகுப்பறைக்கு வந்தார்கள். பிப்ரவரி 25 அன்று அவர்களுக்கும் அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. சான்றிதழில் மதிப்பெண்ணே இடம்பெறவில்லை. தங்கள் உழைப்புக்கு அத்தாட்சி வேண்டுமென்று அவர்களில் சிலர் என்னிடம் வந்து நின்றபோது, அதற்கு முந்திய வருஷம் மதிப்பெண் குறைந்ததென்று என்னைக் கடிந்துகொண்ட பெற்றோர் ஒருவர், தம் இளைய மகனுக்காக அந்த வரிசையில் நின்றிருந்தார். பள்ளித்தேர்வின் தாள்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, பாடவாரியாக எண்களை எழுதி, பள்ளி முத்திரையிட்டு, ஒவ்வொருவருக்கும் கொடுத்தனுப்பினேன்.