சிவப்பு மருந்து: ஊசிக்கு முன் உட்கார்ந்து பேசுவது எப்படி?

கேரள எல்லையில் உள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. கேரளப் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்றால் அவர் பாலக்காடு, திருச்சூர் போகலாம், கோவைக்கும் போகலாம். எங்கே போனாலும் பலருக்கு முதல் சில கீமோவில் டாக்ஸோரூபிசின் இருக்கும். வார்டில் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்வது இதைத்தான். இதன் ஆபத்துகளை எடுத்துச் சொல்ல வேண்டிய நர்ஸ், மருந்தாளுநர், ஆஷா பணியாளர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மொழி. சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசுபவர்கள் பலருக்குக் கடைத்தெரு அளவுக்கு மலையாளம் தெரியும். நாம் வேகமாகச் சொன்னால் தலையாட்டுவார்கள். அதை நம்ப வேண்டாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாக்கியம் வாக்கியமாகச் சொன்ன பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

நோயாளியிடமே பேசுங்கள். “அவகிட்டச் சொல்லாதீங்க, பயந்துக்குவா” என்று வீட்டுக்காரர் வெளியே கூப்பிட்டுக் கேட்பார். பாசத்தில் கேட்கிறார், கோபப்பட வேண்டாம். ஆனால் சுயநினைவோடு இருக்கும் பெரியவருக்குப் பதிலாக உறவினர் சம்மதம் தர முடியாது என்று 2008-இல் சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதோடு, ராத்திரி உடம்பு சுடுவது முதலில் தெரிவது நோயாளிக்குத்தான்.

சொல்வதற்கு முன் கேளுங்கள். இதயக் கோளாறு, பிரஷர் உண்டா? முன்பு கீமோவோ, நெஞ்சில் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்ததோ உண்டா? கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா? நாட்டு மருந்து சாப்பிடுகிறாரா? நிணநீர்க்கட்டிப் புற்றுக்கும் இந்த மருந்து போகிறது என்பதால் ஆண்களும் வருவார்கள். இது கள் இறக்கும் வட்டாரம். குடியைப் பற்றி முகம் சுளிக்காமல் கேட்டால்தான் உண்மை வரும். கல்லீரல் கெட்டிருந்தால் மருந்தளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, ஊசி ஏறும் நேரம். மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையே அழுகிப் புண்ணாகும். “ஊசி போட்ட இடத்துல எரிச்சலோ வீக்கமோ தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க்கா, பொறுத்துக்காதீங்க” என்று அழுத்திச் சொல்லுங்கள். நம் பெண்கள் வலியைப் பொறுத்துக்கொண்டே பழகியவர்கள். இங்கே அந்தப் பொறுமைதான் ஆபத்து. வீட்டுக்குப் போன பின் கை சிவந்தாலும் வெந்நீர் ஒத்தடம் கூடாது. உடனே தெரிவிக்க வேண்டும்.

ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும், சிகிச்சை முடிந்ததும் வளரும். சிகிச்சையின் போதும் அதன் பிறகு குறைந்தது 6 மாதத்துக்கும் கரு தரிக்கக் கூடாது. இவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியது காய்ச்சல். ஊசி போட்ட 10 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கும், 21-ஆம் நாள் வாக்கில் மீளும். வீட்டு நாள்காட்டியில் அந்த நாட்களைச் சுற்றி வட்டம் போடச் சொல்லுங்கள். தெர்மாமீட்டர் வாங்கவைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தொட்டால் அப்போதே மருத்துவமனை. குளிர் நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டர் குறைவாகக் காட்டினாலும் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாம் என்பது பெரிய தப்பு. சூடு இறங்கும், தொற்று உள்ளே வளரும். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை “கீமோ எடுக்கிறேன்”. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டிய காய்ச்சல் இது.

ராத்திரி இரண்டு மணிக்கு எந்த ஆஸ்பத்திரி, யாருடைய வண்டி, யார் கூட வருவது? இந்த மூன்றையும் நோயாளி வாயால் சொல்லக் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள். மூணாறு, தேவிகுளம் தோட்ட லயங்களில் இருப்பவர்களுக்குத் தேனிக்கோ கோட்டயத்துக்கோ இறங்கவே மணிக்கணக்காகும். வட்டம் போட்ட நாட்களில் அவர்கள் கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்க முடிந்தால் அதுவே நல்லது என்பேன்.

கடைசியாக இதயம். டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பாதிக்கும். சிலருக்குப் பல ஆண்டு கழித்தும் தெரியவரும். அதனால்தான் முதல் ஊசிக்கு முன்பே எக்கோ எடுக்கிறார்கள். கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ வர வேண்டும். இந்த மருந்துக்கு வாழ்நாள் கணக்கு உண்டு: உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மி.கி. வரைதான் பொதுவான உச்ச வரம்பு. மார்பகப் புற்றுக்கு வழக்கமாக 60 மி.கி. வீதம் நான்கு முறை, ஆக 240. நெஞ்சில் கரண்ட் வைத்தவர்களுக்கு வரம்பு இன்னும் குறையும்.

எல்லை ஊரில் இந்தக் கணக்குதான் எளிதாகத் தொலைகிறது. திருச்சூரில் இரண்டு ஊசி போட்டவர் கோவைக்கு மாறினால், அங்குள்ள மருத்துவருக்கு அந்த இரண்டும் தெரிய வேண்டும். எனவே ஒவ்வொரு தடவையும் மருந்தின் பொதுப்பெயர், தேதி, மி.கி. அளவு, இதுவரை சேர்ந்த மொத்தம் ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். மலையாளத்தில் மட்டும் எழுதினால் சாவடிக்கு அந்தப் பக்கம் படிக்க ஆள் தேட வேண்டியிருக்கும். பிள்ளைகள் போனில் அதைப் படம் எடுத்து வைக்கட்டும். நோய் குணமான பிறகும் தாளைத் தூக்கிப் போடக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.