மேன்பவர் தொழிலுக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு

சேலம் அஸ்தம்பட்டியில் ஏஜென்சிப் பலகை மாட்டும் இளையவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஸ்விக்கி, சொமேட்டோ, ராபிடோ என்று செல்போனிலேயே வேலை கிடைக்கிறதே, இனி நமக்கு என்ன பிழைப்பு?" பிழைப்பு உண்டு. ஆளைக் காட்டி ஒருமுறை கமிஷன் வாங்கும் காலம் போய்விட்டது. ஆளுக்குப் பின்னால் வருஷம் முழுக்க நிற்கிறவருக்குத்தான் இனி மதிப்பு.

1. உதிரி வேலையைக் கண்டு மிரளாதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு எடைக்கணக்கில் கூலி, பள்ளிபாளையம் தறியில் மீட்டர் கணக்கில் கூலி. நம் பக்கத்தில் பாதிப் பேர் பிழைத்ததே இப்படித்தான். மேஸ்திரி இருந்த இடத்தில் இப்போது ஆப் இருக்கிறது. மேஸ்திரியிடம் முகம் பார்த்து முறையிடலாம், ஆப்பிடம் முடியாது. அந்தக் காலி இடம்தான் உங்களுடையது.

2. வேலை தேடி வருபவரிடம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். உங்கள் வருமானம் நிறுவனத்திடமிருந்து வரட்டும். அசல் சான்றிதழ், ஆதார், லைசென்ஸ் எதையும் உங்கள் பீரோவில் வைக்காதீர்கள்.

3. கையில் நிற்கும் தொகையைச் சொல்லி ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ், ஐந்து ரோடு, சூரமங்கலம் என்று நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓட்டி 900 ரூபாய் எடுக்கிறான் என்று வையுங்கள். லிட்டருக்கு 50 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்றாலே 240 போச்சு. டயர், ஆயில், சர்வீஸ் 60. சாப்பாடு, டீ 110. வண்டித் தவணை 100. மிச்சம் 390. இந்தக் கணக்கை முதல் நாளே தாளில் எழுதிக் காட்டுங்கள். உண்மை தெரிந்து சேர்ந்தவர் பாதியில் ஓடமாட்டார்.

4. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடாதீர்கள். தறிப்பட்டறைகளில் முன்பணத்தால் குடும்பமே கட்டுண்டு கிடந்த கதை இந்த மண்ணுக்குத் தெரியும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது.

5. வாரக்கூலியைச் சனிக்கிழமை தவறாமல் கொடுங்கள். நிறுவனம் பில்லுக்குப் பணம் தர மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை கூலி போட உங்கள் கையிருப்பு எத்தனை பேருக்குத் தாங்குமோ, அத்தனை பேரை மட்டும் எடுங்கள்.

6. ஒவ்வொருவரையும் பதிவு செய்யுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் பதிவுத் தளம் 2021 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. இணையவழித் தொழிலாளர்களுக்கென்று தமிழக அரசு 2023-இல் தனி நலவாரியமே அமைத்தது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. ஆப் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நலனுக்குத் தர வேண்டும் என்கிறது அது. பதிவில்லாத ஆளுக்கு அந்தப் பணம் எப்படிப் போய்ச் சேரும்?

7. இன்சூரன்ஸ் தாளைப் படித்துப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஆள் ஏற்றினால், விபத்து நடந்த அன்று கிளெய்மை மறுக்க வழி இருக்கிறது. கொளுத்தும் வெயிலில் ஓடுகிறவருக்கு இதையெல்லாம் படிக்க ஏது நேரம்? படித்துச் சொல்வது உங்கள் வேலை.

8. ஊரின் நாட்காட்டியைக் கையில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் மாம்பழ மண்டி, ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆனால் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டம், ஆவணியில் மண்டபங்களில் பந்தி பரிமாற ஆள், தீபாவளிக்கு ஜவுளிக்கடை. ஒரு வேலை ஓயும்போது அடுத்ததை நீட்டுங்கள். ஆப் ஒரு தொழிலை மட்டும் பார்க்கும். நீங்கள் மனிதனின் பன்னிரண்டு மாதத்தையும் பாருங்கள்.

9. வேலைச் சரித்திரம் எழுதிக் கொடுங்கள். ஓர் ஆப்பில் வாங்கிய ஸ்டார் இன்னோர் ஆப்பில் செல்லாது. எங்கே, எத்தனை நாள், என்ன வேலை என்று நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் தாள் குடோன் சூப்பர்வைசர் வேலைக்கு உதவும். ஹெவி லைசென்ஸ் எடுத்து நாமக்கல் லாரிக்குப் போகிறவருக்கும் உதவும்.

நாளைக் காலை கடை திறந்ததும், உங்கள் நோட்டில் இருப்பவர்களில் இ-ஷ்ரம் எண் இல்லாதவர் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். முதல் பெயருக்கு நீங்களே போன் போட்டு வரச் சொல்லுங்கள்.